கேப்டன் மேசைக்குப் போன நார்த்தங்காய்

பழவங்காடியில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, சீமையிலிருந்து கப்பலில் திரும்பிய ஒரு மாமி எனக்கு முன் இருக்கையில் தன் நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா, கடைசி நாள் கேப்டன் மேசையில எனக்காக்கும் முதல் நாற்காலி!"

"உங்களுக்கா மன்னி? கையால சாப்பிடறவான்னு மூலையிலன்னா உட்கார வெச்சான்னு அண்ணா சொன்னான்!"

"அது முதல்ல. நடுக்கடல்ல கப்பல் ஆடித்து பாரு, துரைசானிகள் எல்லாரும் வாந்தியெடுத்துப் படுத்துட்டா. நான் உப்பு நார்த்தங்காயை வாயில அடக்கிண்டு ஜம்முனு உலாத்தினேன். பின்னே கேக்கணுமா? ஒவ்வொருத்தியா வந்து கதவைத் தட்டினா. ஆளுக்கொரு துண்டு குடுத்தேன்."

"அப்போ கேப்டன் எதிர்க்க முள்கரண்டியாலதானே சாப்பிட்டேள்?"

"என்னத்துக்கு? கையாலதான் பிசைஞ்சு சாப்பிட்டேன். பக்கத்துத் துரைசானி தன் முள்கரண்டியைக் கீழே வெச்சுட்டு, எந்தக் கையால சாப்பிடணும்னு என்னைக் கேட்டா."