ராஜா பார்க்கக் கூடாத கால்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் பஸ். உப்பள வேலை முடித்து ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் சரிந்து கிடந்தார்கள்.

"ராஜா இவ காலைப் பார்த்தா கதையே போச்சுடி" என்றாள் மூத்தவள். என் தூக்கம் போய்விட்டது.

அவள் செல்போனில் தொடர்கதை எழுதுகிறாள். பல்லவர் காலத்து ராஜா, உப்பளத்துப் பெண்ணைக் காதலிக்கிறான்.

"பூப்போல பாதம்னு எழுதி முடி அக்கா. ராத்திரிக்குள்ள அடுத்த பகுதியப் போடணும்ல?" என்றாள் இளையவள்.

"உப்புத்தண்ணியில நிக்கிறவளுக்கு ஏதுடி பூப்பாதம்? நம்ம காலைப் பாரு, வெடிச்சுக் கெடக்குது."

"அப்ப அரண்மனைப் பொண்ணா மாத்திடு."

"மாட்டேன். ஆசைப்பட்டு நம்மள மாதிரி ஒருத்திய வெச்சிருக்கேன்."

"ராஜா ஓடிடுவான், பார்த்துக்க."

மூத்தவள் கொட்டாவி விட்டபடி யோசித்தாள். நானும் சரித்திரக் காதல் கதைகள் எழுதியவன்தான். என் கதாநாயகிகள் தரையில் கால் வைத்ததே இல்லை. அந்தக் கதைகளை என் மனைவிகூடப் படித்ததில்லை.

"போர்ல தோத்து, நம்ம உப்பளத்துல வந்து ஒளியட்டும்டி. கூலியாளா உப்பு வாரட்டும்."

"ராஜாவா?"

"ஒரு சீசன் வாரட்டும். அப்புறம் யாரு காலைப் பார்த்து யாரு ஓடுறாங்கன்னு பார்ப்போம்."