கதையிலாவது தண்ணீர்

பழனிக்கு இறங்கும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்த தன் நாத்தனார் எழுதிய கதையைப் போனில் படித்து முடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க தாத்தா ஓடைத் தண்ணிய மறிச்சாருன்னு எழுதிருக்கியே, அதை மட்டும் தெறந்து விட்டுரு."

"நெசமாவே மறிச்சாருல்ல மதினி? அதனாலதான உங்க தாத்தா பூண்டுக் காட்டைப் போட்டுட்டு மலையிறங்குனாரு?"

"ஆமா. பாலசமுத்திரத்துல அடுத்தவன் தோப்புல மம்பட்டி புடிச்சே செத்தாரு. எங்கப்பாவும் அதே தோப்புலதான்."

"உங்களுக்காகத்தான் எழுதுனேன் மதினி. தண்ணியத் தெறந்துட்டா கதையே இல்லையே."

பஸ் வளைவில் திரும்பியது. அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கதை இல்லாட்டி என்னடி? எங்க தாத்தா காட்டுல பூண்டு வெளைஞ்சிருக்கும்ல."