எந்தத் துறை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், வேலைக்கான இன்டர்வியூ முடித்துவிட்டு ஒரு பெண் தன் மதினியோடு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நான் எந்தத் துறைன்னு எனக்கே தெரியல மதினி."

"ஏட்டி, டாக்டர் பட்டம் வாங்கிருக்க, இப்படிப் பேசுத?"

"வைத்தியமும் கம்ப்யூட்டரும் சேந்த மருத்துவத் தகவலியல்ல எந்தெந்தப் படிப்பு எங்கெங்க வந்து சேருதுன்னு படம் போட்டு ஆராய்ச்சி பண்ணித்தான் பட்டம் வாங்குனேன். முன்ன மெடிக்கல் காலேஜ்ல வேல கேட்டப்ப நீ கம்ப்யூட்டர் ஆளுன்னாக. இன்னைக்குக் கம்ப்யூட்டர்காரவுக, இது வைத்தியமுல்லா, அங்க போய்க் கேளுன்னுட்டாக."

"ரெண்டும் தெரிஞ்ச ஆளுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். அப்படி ஒரு போஸ்ட் இல்லையாம்."

மதினி அவள் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒங்கண்ணன் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"கெடைக்கலன்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னு வெளக்க இன்னைக்கு எனக்குத் தெம்பில்ல."