ஒன்பதாம் பக்கத்து லாக்

அசோக்குமார்: …பதினோரு பக்கமா? ஏத்தா சத்யப்ரியா, ஒரு டூல எப்படி ஓட்டுறதுன்னு எழுதச் சொன்னா, நீ பரீட்சையில அடிஷனல் ஷீட் வாங்குன மாதிரில்ல எழுதி வச்சிருக்க.

சத்யப்ரியா: தேவையானதுதாண்ணே எழுதியிருக்கேன்.

அசோக்குமார்: என்ன பெரிய தேவ? பிரவுசர் தானாத் தொறக்கும், தானா பட்டன அமுக்கும். அந்தப் பக்கம் சர்வர்கிட்ட என்னென்ன கேட்டுச்சு, என்னென்ன அனுப்புச்சுன்னு ஒண்ணு விடாமப் பதிஞ்சு லாக்காக் குடுக்கும். நாலே வரி. நான் தூக்கத்துல சொல்லுவேன்.

சத்யப்ரியா: நீங்க டீம் லீடு, சொல்லுவீக. புதுசா வாரவுக…

அசோக்குமார்: புதுசா வாரவுக படிப்பாகளாக்கும். எட்டு வருசத்துல இந்த ஆபீசுல ஒருத்தன் மேனுவல் படிச்சு நான் பாத்ததில்ல. நானே படிச்சதில்ல. கெட்டா போயிட்டேன்?

சத்யப்ரியா: …இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கீக.

அசோக்குமார்: என்ன இழுக்குற?

சத்யப்ரியா: ஒண்ணுமில்ல. நீங்க ஓகே குடுத்தா தமிழ்வாணி மேடத்துக்கு அனுப்பிருவேன். மூணு மணிக்குள்ள கேட்டாக.

அசோக்குமார்: மேனேஜருக்கு இன்னைக்கு இதுக்கெல்லாம் நேரமேது? முத்துச்செல்விய வீட்டுக்கு அனுப்புற வேல கெடக்கு.

சத்யப்ரியா: அவதான்னு முடிவே பண்ணிட்டாகளா?

அசோக்குமார்: பின்ன? டெஸ்ட் சைட்டுல ஓட்ட வேண்டிய இந்த டூல நேத்து நெச சைட்டுல ஓட்டிப்புட்டா. நாம சைட்டு பண்ணிக் குடுக்குற கப்பலூர் சேர் கம்பெனிக்கு முந்நூறு சேர் ஆர்டர் போயிருச்சு. அவுகளும் காலைல லாரியில கொண்டாந்து எறக்கிட்டாக. எங்க? அவனியாபுரத்துல, அவ வீட்டு வாசல்ல.

சத்யப்ரியா: தெருவே வந்து யாருக்குக் கல்யாணம்னு கேட்டுச்சாம்.

அசோக்குமார்: கேக்காம? அறிவு வேணாம்? டெஸ்ட் பண்ற பிள்ளைக்கு எது நெச சைட்டுன்னு தெரியல…

சத்யப்ரியா: டெஸ்ட் அட்ரஸ் ஃபைலுல அவ வீட்டு அட்ரஸ் ஒரு வருசமாக் கெடக்குண்ணே. டீமுல எல்லாரும் அதத்தான் போடுறோம். நீங்களுந்தான்.

அசோக்குமார்: நான் எதுக்குப் போடுறேன்? டெஸ்ட் ஓட்டுறதா என் வேல?

சத்யப்ரியா: அவ ஓட்டவே இல்லன்னு அழுறா. அப்பா முதுகு முடியாம படுத்திருக்காரு. இவ வேலையும் போயிருச்சுன்னா அந்த வீட்டுல…

அசோக்குமார்: அழுதா ஆச்சா? ஓட்டலன்னா லாக்கக் காட்டச் சொல்லு.

சத்யப்ரியா: லாக் இல்லன்னு மேடத்துட்ட நீங்கதான சொன்னீக.

அசோக்குமார்: இல்லதான். பக்கத்த ரீலோட் பண்ணா பழசு பூரா போயிரும். இது கூடத் தெரியாம பதினோரு பக்கம் எழுதியிருக்கியா?

சத்யப்ரியா: ரீலோட் பத்தி ஆறாம் பக்கத்துல இருக்கு. ஒருக்காப் பாத்துருங்களேன்.

அசோக்குமார்: எனக்கே சொல்லித் தாரியா?

சத்யப்ரியா: அதில்லண்ணே, ஓகே குடுக்க முன்னாடி அந்த ஒரு பக்கத்தையாச்சும்…

அசோக்குமார்: குடுத்தாச்சு. இந்தா, அமுக்கிட்டேன். மொத்தத்துக்கும் ஓகே. அனுப்பித் தொல.

சத்யப்ரியா: …அனுப்பிட்டேன்.

அசோக்குமார்: ம். மாதிரிக்கு ஒரு லாக் போட்டியா? இல்லைன்னா மேடம் அதுக்கு வேற மொணங்குவாக.

சத்யப்ரியா: போட்டிருக்கேன். ஒம்பதாம் பக்கம் முழுக்க அதான்.

அசோக்குமார்: எதுல எடுத்த? உன் சிஸ்டத்துல டூல் இல்லையே.

சத்யப்ரியா: உங்க சிஸ்டத்துலதான். மத்தியானம் சாப்பிடப் போறப்ப, ‘என் சிஸ்டத்துலயே பாத்து எழுது, பிரவுசர மட்டும் மூடிராத, நாப்பது டேப் கெடக்கு’ன்னு சொல்லிட்டுப் போனீகளே.

அசோக்குமார்: …எந்த டேப்புல எடுத்த?

சத்யப்ரியா: சேர் கம்பெனி டேப்புல.

அசோக்குமார்: அதுல ஒண்ணும் இருக்காதே. நேத்தே நான் ரீலோட்…

சத்யப்ரியா: நேத்தே?

அசோக்குமார்: அது… வேற ஏதோ டேப்பு.

சத்யப்ரியா: சொல்லுங்கண்ணே. நேத்தே என்ன பண்ணீக?

அசோக்குமார்: தாயி… அந்த மெயில திரும்ப எடுக்க முடியுமா?

சத்யப்ரியா: முத்துச்செல்விக்கு அறிவு வேணாமான்னு கேட்டீக.

அசோக்குமார்: அவசரத்துல ஓட்டிட்டேன். நானே மேடத்துட்ட சொல்லலாம்னுதான்… ஒரு நாளு பொறுத்து…

சத்யப்ரியா: அவ வெளிய போனதுக்கு அப்புறமா?

அசோக்குமார்: நான் அழிச்சது எப்படி வந்துச்சு? அத மட்டும் சொல்லு.

சத்யப்ரியா: ஆறாம் பக்கத்துல இருக்குண்ணே. ரீலோட் பண்ணாலும், பிரவுசர மூடாத வரைக்கும், முன்னாடி மூணு தடவ ஓடுனது உள்ளயே நிக்கும். பழசையும் சேத்துக் குடுன்னு கேட்டா குடுத்துரும். நேத்து ரெண்டு பத்துக்கு, உங்க லாகின்ல, முந்நூறு சேர். கீழ நீங்க குடுத்த ஓகேயும் இருக்கு. மேடம் ரூமுல முத்துச்செல்வி உக்காந்திருக்கா. அதனால ஒம்பதாம் பக்கத்துல இருந்து படிங்கன்னு மெயிலுல எழுதித்தான் அனுப்பியிருக்கேன்.