மண்டி நம்பர்

எனக்குப் பொதுவாகப் போனில் பேசுவதே பிடிக்காது மேடம். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். பட்டுக்கோட்டையில் எங்கள் தேங்காய் மண்டியில் யாரைக் கேட்டாலும் மாலதி அப்படித்தான் என்பார்கள்.

எழில்மொழி வேலை பார்த்த மூன்று வருஷமும் மண்டிப் போன் அவளிடம்தான் இருந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண், வாய் ஓயாது. மெயில், வேலை தேடும் தளம் எல்லாவற்றுக்கும் அந்த நம்பரையே கொடுத்துவைத்திருந்தாள். அஞ்சல்வழிப் படிப்பை முடித்து, நல்ல வேலை தேடிச் சென்னைக்குக் கிளம்பியபோது அந்த நம்பரைக் கேட்டாள். முதலாளி கோவிந்தராசு முடியாது என்றுவிட்டார். தோப்புக்காரர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடமான நம்பர், போர்டிலும் எழுதியிருக்கிறது. போன் என் மேசைக்கு வந்தது.

"ஒண்ணொண்ணா என் சொந்த நம்பருக்கு மாத்திக்கிறேன்க்கா. ஓடிபி வந்தா மட்டும் சொல்லுங்க" என்றாள்.

முதல் ஓடிபி வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது; சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எதிரே ஆள் இல்லை. இப்போது அவளே கூப்பிடுகிறாள். ஆறு எண்ணும் என் கண் முன்னால் இருக்கின்றன. சொல்லிவிட்டால் வைத்துவிடுவாள். "வரலையேடி" என்றேன். அரைமணி நேரம் பேசினோம். மறுநாள் கடைசி இரண்டு எண்களை மாற்றிச் சொன்னேன். அதற்கு முக்கால் மணி. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அப்புறம் தினமும் பூ வைத்துக்கொண்டுதான் மண்டிக்குப் போனேன்.

பிறகு கம்பெனிக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். சரியான ஓடிபி போகாததால் தளத்தில் இன்னமும் இருப்பது மண்டி நம்பர்தானே. நேர்காணலுக்கு வர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று நானும் மரியாதையாகவே சொன்னேன். அடுத்தவரிடம் கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். பதினோரு பேர் மேடம். சொன்ன காரணத்தை இன்னொருவரிடம் சொன்னதில்லை. எனக்கு இவ்வளவு கற்பனை உண்டென்று எனக்கே தெரியாது.

யாராவது கூப்பிட்டார்களா என்று அவள் தினமும் கேட்பாள். இல்லை என்பேன்.

"ஒருத்தருக்கும் நான் வேணாம்க்கா. எதுக்கும் லாயக்கில்ல போல" என்று ஒருநாள் அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். அது நடிப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாவது மாசம் விடுதியைக் காலிசெய்துவிட்டுப் பழைய நாற்காலிக்கே வந்துவிட்டாள். துரும்பாய் இளைத்திருந்தாள்; தலைகூட வாரவில்லை. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு அல்வா வாங்க ஓடினேன்.

அந்தக் கால்மணி நேரத்தில் பதினொருவரில் ஒருவர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். கல்யாணமான பெண்களும் தாராளமாக வரலாம், அதை உங்கள் அக்காவிடம் அன்றே சொன்னோமே என்றாராம்.

நான் திரும்பியபோது அவள் போனில் பழைய அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போனோடு நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அல்வாவைத் தொடக்கூட இல்லை.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்துப் போடுகிறேன். எல்லாக் கணக்கிலிருந்தும் மண்டி நம்பரை நீக்கிவிட்டாள் என்கிறீர்கள், நல்லது. ஆனால் சொந்த நம்பரையும் மாற்றிவிட்டாள் போலிருக்கிறது, நேற்றிலிருந்து கிடைக்கவில்லை. புது நம்பரை மட்டும் வாங்கிக் கொடுங்கள் மேடம். வேலை கிடைத்தால் முதலில் என்னிடம் சொல்லத்தான் துடிப்பாள், பாவம்.