பெல்ட் திரும்பும் அளவு

டைமிங் பெல்ட் தளர்ந்து கெட்ட கார்களைவிட, இறுக்கிக் கட்டிக் கெடுத்த கார்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆண்களுக்கு எதையும் இறுக்கினால்தான் நிம்மதி. டீயைக் குடியுங்கள் தம்பி. சீனி குறைவாகத்தான் போட்டேன்.

மகளின் கார் என்ஜினைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்டீர்கள். நான்தான். "ஆன்டி, இது ஸ்டேட்மென்ட். யோசிச்சு சொல்லுங்க" என்கிறீர்கள். யோசித்துத்தான் சொல்கிறேன்.

என் கணவர் கிளாரன்ஸ் கிள்ளானில் இந்த வீட்டு முன்னாலேயே கார் பழுது பார்த்தவர். அவருக்குப் பெரிய கை. என்ஜினுக்கும் ஓரத்துத் தகட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் நுழையாது. "செசிலியா, வந்து கைய விடு" என்று கூப்பிடுவார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கையை விடுவேன். அப்படிக் கற்றுக்கொண்டதுதான். அவர் இறந்த பிறகும், பெல்ட் மாட்ட மட்டும் பழைய ஆட்கள் என்னிடம் வந்தார்கள்.

வேலை பெரிதில்லை. பெல்ட்டை ஒரு சின்ன உருளை தள்ளிப் பிடித்திருக்கும். அதன் போல்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானே உருளையைத் தேவையான அளவு தள்ளும். என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு போல்டை இறுக்க வேண்டும். பிறகு பெல்ட் நீளமாக ஓடும் இடத்தில் இரண்டு விரலால் பிடித்துத் திருப்ப வேண்டும். படுத்திருக்கும் பெல்ட் நிமிர்ந்து நின்றால் சரி. அதுவரை வராவிட்டால் இறுக்கம், ஓடும்போது ஊளையிடும். அதையும் தாண்டித் திரும்பினால் தளர்வு. மூடிக்குள் டப்டப்பென்று அடிக்கும். ஒரு நாள் பெல்ட்டின் பல் சக்கரத்துப் பல்லைத் தாண்டும், என்ஜின் நின்றுவிடும்.

மகள் எவலினுக்குச் சின்ன வயதில் இது ஒரு விளையாட்டு. என் முந்தானை, பள்ளிப் பையின் வார், எது கிடைத்தாலும் இரண்டு விரலால் திருப்பிக்காட்டி, "சரியா மா?" என்பாள். "கொஞ்சம் லூஸ்" என்பேன். இழுத்துப் பிடித்து மறுபடி காட்டுவாள்.

போன வருடம், இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மார்வினை அழைத்து வந்தாள். நல்ல பையன். பழம் வாங்கி வந்தான்.

"ஆன்டி, செமினியில வீடு வாங்கிட்டேன். கீழ ஒரு ரூம் இருக்கு. நீங்களும் எங்களோட வந்துடுங்க லா."

"வரேன், வரேன்" என்றேன்.

நான் எங்கே போவது தம்பி? இங்கே வீடு முழுக்க என்னுடையது. அங்கே எனக்கு ஒரு ரூம். அதுவும் கீழே.

அவள் அந்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிய அன்று, உருளையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து போல்டை இறுக்கினேன். ஸ்டார்ட் செய்யும்போதே பல் தாண்டியது. கார் வாசலைவிட்டு நகரவில்லை.

"இந்தக் காடிக்கு மார்வினப் பிடிக்கல மா" என்று சிரித்தாள்.

"காடிக்கும் வயசாச்சு லா, உன்ன மாதிரியே" என்றேன்.

அன்று இருவரும் பாசாருக்கு நடந்தே போய் மீன் வாங்கினோம். நல்ல நாள் அது. சாயங்காலம் பெல்ட்டைச் சரியான பல்லில் மாட்டிக் கொடுத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை.

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு வகுப்புக்குப் போக வேண்டும். அதை முடிக்காவிட்டால் பாதர் தேதி கொடுக்க மாட்டார். வகுப்பு பிரிக்பீல்ட்ஸில். எவலின் கிளம்பிய காலையில் மழை. நம்ம தெரு முனை சிக்னலிலேயே கார் நின்றுவிட்டது. நனைந்துகொண்டு திரும்பி வந்தாள். அடுத்த வகுப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. தலையைத் துவட்டிவிட்டது நான்தான்.

"வேற மெக்கானிக்குக்கிட்ட காட்டலாம்" என்று மார்வின் போனில் சொன்னது எனக்குக் கேட்டது.

"எங்கம்மாவ விட எவன் பாத்துடுவான்?" என்று சண்டை போட்டாள். பிறகு என்னிடம் வந்து, "மா, இந்தத் தடவ வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே புது பெல்ட் மாட்டிக் குடுங்க. நான் வேற யாரையும் நம்ப மாட்டேன்" என்றாள்.

மாட்டிக் கொடுத்தேன்.

புது பெல்ட் பல்லை நன்றாகக் கவ்வும். அதனால் முன்னைவிட அதிகமாகத் தளர்த்த வேண்டியிருந்தது. விரலால் திருப்பினேன். அடிப்பக்கம் தெரியும் அளவுக்குத் திரும்பியது. வாசலிலேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நிற்கவில்லை. ஸ்டார்ட் ஆனது. மூடிக்குள் பெல்ட் அடித்தது. அவளும் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மா, சத்தம் கேக்குதே."

"புதுசு லா. ஓட ஓட சரியாயிடும்."

"நெசமாவா?"

"நான்தான மாட்டினேன்?"

அது போதும் அவளுக்கு. "போய்ட்டு வரேன் மா" என்றாள். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். இறங்கி வந்து இரண்டு விரல் வைத்துப் பார்த்திருக்கலாம் அவள். தெரியாத வேலையா? பார்க்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபெடரல் ஹைவேயில் முன்னால் நெரிசலைப் பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பாள். அப்போதுதான் தளர்ந்த பெல்ட் பல் தாண்டும். என்ஜின் நின்றால் ஸ்டேரிங் கனத்துப்போகும், பிரேக் கல்லாகிவிடும். நடு ரோட்டில் நின்றிருக்கிறாள். பின்னால் வந்த லோரிக்காரரை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். விட்டுவிடுங்கள். அவர் மேல் தப்பில்லை. பாவம், பிள்ளைகுட்டிக்காரர்.

எவலின் பிழைத்துவிட்டாள். கழுத்துக்குக் கீழே வலது கையில் இரண்டு விரல் மட்டும் அசையும். பேச்சு வரவில்லை. உள் அறையில்தான் இருக்கிறாள், பிறகு பாருங்கள். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறேன். காற்று வரும்.

மார்வின் அழுதான். "கீழ் ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கு ஆன்டி. அவள நான் பாத்துக்கறேன், குடுத்துடுங்க" என்றான்.

"அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி" என்றேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகுதான் மார்வின் அந்த உடைந்த காரை யாரிடமோ கொண்டுபோய் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான். நீங்களும் வந்திருக்கிறீர்கள். போல்ட் தானாகக் கழன்றதா என்று கேட்டால், இல்லை. நான் இறுக்கிய போல்ட் தானாகக் கழலாது. உருளையை நானே பின்னால் தள்ளி வைத்து இறுக்கினேன். மூன்று தடவையும்.

என்னை அழைத்துப் போவதானால் போங்கள். ஆனால் அவளைக் குளிப்பாட்ட, ஊட்ட, என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அதையும் மேலிடத்தில் சொல்லுங்கள். நாங்கள் இருவரும் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறோம். அவள் எங்கேயும் போக வேண்டும் என்று கேட்பதே இல்லை.

காலையில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மார்புக்குக் குறுக்கே வார் கட்டி, அவள் வலது கையை எடுத்து அதன்மேல் வைப்பேன். தினமும் அந்த வாரை அவள் இரண்டு விரலால் பிடிப்பாள். மெல்ல மெல்லத் திருப்புவாள். நிமிர்ந்து நிற்கும், அதையும் தாண்டி அடிப்பக்கம் தெரியும் வரை திருப்பிவிட்டு, என் முகத்தையே பார்ப்பாள். இமைகூடக் கொட்ட மாட்டாள்.

"கொஞ்சம் லூஸ்" என்று சொல்லி, வாரை இன்னும் ஒரு துளை இறுக்கிக் கட்டுவேன். அவள் கண்ணில் நீர் வழியும். சின்ன வயது விளையாட்டு இன்னும் மறக்கவில்லை, அந்தச் சந்தோஷம்தான்.