நாற்பது சென்ட் ஞாபகம்

ஞாபகத்தின் விலை நாற்பது சென்ட். மொத்தமாக வாங்கினால் இன்னும் இரண்டு சென்ட் குறைப்பார்கள். நம்ம குரோனிங்கன் ஊர்ச் சந்தையில் மீன் விற்றவரின் மகன் நான், இன்ஸ்பெக்டர். பேரம் பேசாமல் எதையும் வாங்கியதில்லை.

வீட்டு இணைய ரூட்டருக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகச் சில்லைத்தான் சொல்கிறேன். எழுத எழுத அது தேயும். தேய்ந்து தீர்ந்தால் விளக்கு மட்டும் மினுக்கும், பெட்டி எழுந்திருக்காது. பெட்டி தன் இயக்கத்தைப் பற்றி மணிக்கொரு முறை அதில் குறிப்பு எழுதினால், சில்லு நம்மைப் புதைத்த பிறகும் இருக்கும். நாங்கள் செய்து விற்கும் பெட்டிகளில் நான் நிமிடத்துக்கொரு முறை எழுதச் சொன்னேன்.

“எதுக்கு ஹார்ம் இவ்வளவு எழுதணும்? யாரு படிக்கப் போறா? சில்லு செத்துடும்ப்பா,” என்றாள் எங்கள் நிரல்காரி வீட்ஸ்கே.

“ரெண்டு வருஷ உத்தரவாதம் முடிஞ்சதும் சாகட்டும். சாகாத சாமான வித்துட்டு நாம எதைத் தின்றது?”

“உங்கப்பா நாறின மீனுக்கு வெங்காயத்தத் தூக்கலாப் போட்டு விப்பாராமே. அந்த ரத்தந்தானே!”

சிரித்தோம்.

கீழ்வீட்டு டைக்கெமா அம்மாவுக்கும் நானேதான் ஒரு பெட்டி விற்றிருந்தேன். தனிக்கட்டை. கழுத்தில் அவசரப் பொத்தான் தொங்கும். விழுந்தால் அழுத்த வேண்டும். அந்த அழைப்பு ரூட்டர் வழியாகத்தான் வெளியே போகும். ஒருநாள் படிக்கட்டில் மடக்கினார்.

“தம்பி, உங்க பெட்டி ராத்திரி பகலாக் கண்ணடிக்குது. இந்த வயசுல என்னைப் பாத்துக் கண்ணடிச்சு அதுக்கு என்ன ஆகப்போவுது?”

சில்லு செத்துவிட்டது என்று கேட்டதுமே தெரிந்தது. உத்தரவாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. என் அறையில் புதுப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. ஆனால் பத்து நாள் போனால் இலவசமாகத் தர வேண்டியதில்லை. அவரே காசு கொடுத்து வாங்குவார்.

“அப்டேட் ஓடுதும்மா. ரெண்டு வாரம் ஆகும். கை வச்சிடாதீங்க.”

“அப்ப இந்தப் பொத்தானு?”

“அது பாட்டுக்கு வேலை செய்யும்.”

பிறகு படிக்கட்டில் வாடை வந்தது. யாரோ மீனை மறந்துவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சொல்லி, சன்னலைத் திறந்து வைத்தேன். மீன்காரர் மகனுக்கு அது மீன் இல்லை என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்.

நீங்கள் கதவை உடைத்தபோது பின்னால் நின்று பார்த்தேன். குளியலறைத் தரையில், அவர் கைக்குள் அந்தப் பொத்தான். மேல்பூச்சு உரிந்து வெளுத்திருந்தது. அத்தனை முறை அழுத்தினால் எதுவும் தேயத்தான் செய்யும்.

எனக்கும் குமட்டுகிறது. பத்து நாள் முன்னதாகவே சாகிற சில்லை என் தலையில் கட்டிவிட்டார்களே, அதை நினைத்தால். ஆனாலும் நான் வாக்குத் தவறவில்லை. நீங்கள் வருவதற்கு முன்பே, உத்தரவாதத்தின் கடைசி நாளன்று, மூக்கைப் பொத்திக்கொண்டு போய், புதுப் பெட்டி ஒன்றை அவர் வாசலில் வைத்தேன்.

அவருக்குத் தர வேண்டியது ஒன்று. தந்தது ஒன்று. பாக்கி இல்லை.